குளியல்கூடத்துச் சுவரில் ஒரு போஸ்டர்

இச்சினோமியா
12 ஜூன் 1973

யசுஹிகோ அண்ணாவுக்கு, மிட்சுயோ எழுதுவது. மழை பிடித்துக்கொண்டது, துவைத்தது ஒன்றும் காயவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கதை எழுதிய படத்தின் போஸ்டர் எங்கள் தெருப் பொதுக் குளியல்கூடத்தில், பெண்கள் உடை மாற்றும் அறையிலேயே ஒட்டியிருக்கிறது. சுவரில் இடம் கொடுத்தால் குளியல்கூடத்துக்காரிக்குத் தியேட்டர்காரன் இலவச டிக்கெட் தருவான், உனக்குத் தெரியாததா? கிழிந்த சட்டையோடு ஒரு நடிகை. அந்தச் சட்டை எங்கள் மில் சீருடை. மேலே, 'நூற்பாலைப் பெண்களின் கண்ணீர்! சமுதாயத்துக்கு ஒரு சாட்டையடி!'

மேஸ்திரி குரிமோத்தோ என் தோழி தொமிக்கோவைக் கெடுத்ததை, புத்தாண்டுக்கு வந்த உன்னிடம் எதற்காகச் சொன்னேன்? பத்திரிகையில் எழுதுவாய், வழக்குக்கு உதவும் என்றுதானே. அடுத்த மாதம் அவள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். நேற்று குளிக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போஸ்டரையாவது எடுக்கச் சொல், அண்ணா.

உன் தங்கை
மிட்சுயோ


தோக்கியோ
20 ஜூன்

செல்லத் தங்கைக்கு,

கோபிக்காதே. ரீலுக்கு ஒரு முறையாவது உடை அவிழ வேண்டும் என்பது கம்பெனி விதி. அதைக் கொடுத்துவிட்டால் மீதி நேரத்தில் முதலாளியைத் திட்டலாம், போலீஸைத் திட்டலாம், கேட்க ஆளில்லை. பத்திரிகையில் எழுதினால் யார் படிக்கிறார்கள்? போஸ்டர் என் கையில் இல்லை, தங்கச்சி.

படத்தின் கடைசியில் கதாநாயகி கோர்ட்டில் பேசும் காட்சியை அழுதுகொண்டே எழுதினேன். இத்துடன் டிக்கெட் வைத்திருக்கிறேன். தொமிக்கோவையும் கூட்டிப் போ, தைரியம் வரும். ஓபோன் பண்டிகைக்கு வருகிறேன். வழக்கம்போல் அம்மாவின் கல்லறையைச் சேர்ந்து கழுவலாம்.

அன்பு அண்ணன்
யசுஹிகோ


இச்சினோமியா
25 ஜூலை

யசுஹிகோ அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய டிக்கெட்டில் நான் மட்டும் போனேன். எனக்கு முன்வரிசையில் குரிமோத்தோ, தன் பிரிவு ஆண்களோடு. குளியல்கூடத்துக்காரி கொடுத்த இலவச டிக்கெட்டாம். ஒவ்வொரு ரீலுக்கும் சிரித்தார்கள். கோர்ட் காட்சி வந்ததும் அவன் எழுந்து, "இனிமே ஒண்ணும் இல்லடா, வாங்க போலாம்" என்றான். தியேட்டரே எழுந்து போயிற்று. நீங்கள் அழுதுகொண்டே எழுதியதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

தொமிக்கோ கோர்ட்டுக்குப் போகவில்லை. "நான் வாயத் தொறந்தா அவங்க கண்ணுக்கு அந்தப் போஸ்டர்தானேடி தெரியும்?" என்றாள். வழக்கு தள்ளுபடி. மேஸ்திரி அதே பிரிவில்தான் இருக்கிறான். அவள் இப்போது குளியல்கூடத்துக்கு வருவதில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கிறாள்.

உங்களை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. ஓபோனுக்கு வர வேண்டாம். அம்மாவின் கல்லறையை நானே கழுவிக்கொள்கிறேன். உங்கள் கை அதில் பட வேண்டாம்.

மிட்சுயோ