வெள்ளை மாருதி விற்பனைக்கு இல்லை

மண்ணரை, திருப்பூர்
ஞாயிறு முற்பகல்

அன்பு மகள் மைதிலிக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்த ஊர்க் குளிருக்கு ஈடுகொடுத்து நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் நலம் என்று எழுதுவதை வெறும் சம்பிரதாயமாகக் கொள்ளாதே. கண் புரை அறுவைக்குப் பிறகு மருத்துவர் என் பார்வையைச் சோதித்து, பகலில் கார் ஓட்டத் தடையில்லை என்று கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார். அதன் படத்தை உனக்கு அனுப்பியும் இருக்கிறேன். இனி எழுதப்போவதைத் தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கிடுவாய், நான் குரலை உயர்த்துவேன், அம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு பேத்தியிடம் பேசப் போய்விடுவாள். ஆகவே கடிதம். முழுவதும் படித்த பிறகு பேசு.

நம் வெள்ளை மாருதி சில நாட்களாகத் தட்டல் சத்தம் போட்டது. மேடு ஏறும்போது திணறியது. வழக்கம்போல் குமாரவேலின் பட்டறையில் விட்டேன். அவர் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்து, கேம் ஷாப்டு தேய்ந்துவிட்டது, வால்வு ஸ்பிரிங்குகளும் தொய்ந்துவிட்டன என்றார். எஞ்சினின் தலைப்பகுதியில் சுழன்று வால்வுகளை உரிய தருணத்தில் அழுத்தித் திறக்கும் தண்டுதான் கேம் ஷாப்டு. திறந்த வால்வை மூடவைப்பது ஸ்பிரிங். இரண்டையும் புதிதாக மாற்றலாம் என்பது எனக்குத் தெரியும். அவரோ, “இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வர்றதில்லீங்க சாமி, வந்த வெலைக்குத் தள்ளி உட்டுருங்க” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவர்களைப் பார்த்தே வயதான கண் இது; புரை அதை ஒன்றும் செய்துவிடவில்லை. கோவைக் கடை ஒன்றில் விசாரித்தேன். இரண்டும் இருப்பில் உள்ளன, பஸ்ஸில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார்கள். மறுநாள் குமாரவேலிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: ஸ்பேர் வருவதில்லை என்று உங்களிடம் சொன்னது கடைக்காரரா, வேறு யாருமா? அவர் கழுத்தைச் சொறிந்தார். “ஏனுங்க, நம்ம மைதிலி பாப்பாதானுங்க போன் பண்ணுச்சு. அப்பாவுக்கு வயசாச்சு, வண்டி இனித் தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணான்னு கேட்டுச்சு. நானும் செரின்னு ஒத்துக்கிட்டனுங்க. உங்ககிட்டப் பொய் சொன்னதுல இருந்து சோறே எறங்குலீங்க” என்றார்.

கண்ணு, உன் கவலையை நான் குறை சொல்லவில்லை. கவலைப்பட உனக்கு உரிமை உண்டு. சாட்சியைத் தயார் செய்ய உரிமை இல்லை. வண்டி போனால் அங்கிருந்தே டாக்சி பதிவு செய்து தருவதாக நீ சொல்வதன் பொருளையும் யோசித்துப் பார்த்தேன். நம் மூலனூர் முருங்கைத் தோட்டத்துக்குப் போக நினைத்தால் நாங்கள் முதலில் மெல்போர்னுக்குச் சொல்ல வேண்டும்; எந்தத் திருப்பத்தில் நிற்கிறோம் என்பது உன் கைபேசியில் ஒரு புள்ளியாகத் தெரியும். அம்மாவின் முழங்கால் பஸ் படி ஏற விடாது, ஸ்கூட்டரும் ஒத்துவராது. நினைத்தபோது கிளம்புவதற்கு எங்களுக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க நான் மறுக்கிறேன். உண்மை வெளிப்பட்டதும் தாமே சரிசெய்து தருவதாகக் குமாரவேல் முன்வந்தார், வேண்டாம் என்றேன். அவர் உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதை முறிக்கச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ஆனால் நான் உனக்கு எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. எனவே வண்டியைக் கட்டி இழுத்து வந்து போர்ட்டிகோவில் நிறுத்தி, நானே செய்வதென்று தீர்மானித்தேன். அம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, “ஏனுங்க, கோர்ட்டுல கேஸ் இல்லைன்னு இப்ப எஞ்சினுக்கு வக்காலத்துப் போட்டுட்டீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

நான் அவசரப்பட்டு எதையும் கழற்றவில்லை. முதலில் எஞ்சின் கையேட்டைத் தேடிப் பிடித்து வரிவரியாகப் படித்தேன், கோவைக் கடையிலிருந்து பாகங்களைப் பஸ்ஸில் வரவழைத்தேன், அதன் பிறகே கருவி வாங்கப் போனேன். கடைக்காரர் சிவப்புப் பெட்டியில் அடைத்த முழு செட் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். அதில் பாதி இந்த வேலைக்குப் பயன்படாதது, மீதி அளவு சரியில்லாதது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியில் இரண்டு வகை உண்டு. கவ்விபோல் வளைந்திருப்பதற்கு எஞ்சின் தலையையே கழற்றி மேசையில் வைத்தாக வேண்டும்; நெம்புகோல் வகையை வண்டியில் இருந்தபடியே பொருத்தலாம். அவசியமில்லாததைக் கழற்றாதே என்பது என் கொள்கை, ஆகவே இரண்டாவது வகை. போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச்சை இரவல் வாங்க மறுத்துப் புதிதாகவே வாங்கினேன். யார் கையில் எப்படி விழுந்து அடிபட்டது என்று தெரியாத அளவுகோலை நான் நம்புவதில்லை. வால்வு இடைவெளி பார்க்கும் தகடுகள், காந்தக் குச்சி, குறியிட வெள்ளைப் பெயிண்ட். சுத்தியலை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன். கேம் ஷாப்டைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றுமுன் ஒவ்வொரு குறியையும் படமெடுத்தும் வைத்தேன்.

ஸ்பிரிங்கை எடுத்தால் வால்வு சிலிண்டருக்குள் நழுவிவிடும். நழுவினால் தலையைக் கழற்றியே ஆக வேண்டும், நீ சொன்னதே சரியென்று ஆகிவிடும். காற்றழுத்தத்தால் தாங்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் நடுவில் மின்சாரம் நின்றால் காற்றும் நிற்கும். ஆகவே ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கயிற்றைச் செலுத்தி, பிஸ்டனை மேலே ஏற்றி, அந்தக் கயிற்றுப் பொதியால் வால்வைத் தாங்கும் முறையைத் தேர்ந்தேன். கயிற்றுக்காகப் பக்கத்துத் தையல் யூனிட்டில் பைஜாமாவுக்குக் கோக்கும் பருத்தி நாடா கேட்டு வாங்கி வந்தேன். அம்மா அதை விரலில் உருட்டிப் பார்த்து, “இது பஞ்சு உடுமுங்க, உள்ளாற போனா யாரு பொறுக்கறது?” என்று திருப்பி அனுப்பிப் பாலியஸ்டர் நாடாவாக வரவழைத்தாள். அதுவரை நன்று. பிறகுதான் இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவற்றைச் செய்தேன். இங்கே எதைத் துடைக்கவும் எதை அடைக்கவும் பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த வேஸ்டுத் துணிதானே கைக்கு வரும்? சிறு பாகம் எதுவும் உள்ளே விழாமலிருக்க எண்ணெய் இறங்கும் துளைகளை அந்த வெட்டுத்துண்டுகளால் அடைத்திருந்தேன். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் நிறுத்திப் பிடிப்பது அரிசியைவிடச் சற்றே பெரிய இரண்டு பூட்டுகள். வேலை பாதியில் இருக்கையில் துணியை உருவிப் போட்டேன். ஒரு பூட்டைக் காணோம். காந்தக் குச்சியை எல்லா மூலையிலும் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. உள்ளே விழுந்திருந்தால் எஞ்சினை அடியோடு பிரிக்க வேண்டும். அது என்னால் ஆகாது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அந்த வேஸ்டை வெயிலுக்கு எடுத்துப் போய், முன்பு தன் செக்கிங் யூனிட்டில் தைத்த பீஸ்களில் குறை தேடிய அதே கையால் ஒவ்வொரு துண்டாக இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பின்னல் பிரிந்து ஏணிபோல் ஓடியிருந்த ஓரிடத்தில், ஒரு கண்ணியில் மாட்டிக்கொண்டு தொங்கியது பூட்டு. “நல்ல வக்கீலுங்க நீங்க! வெட்டின பனியன் ஓடும்னு இந்தத் திருப்பூருல உங்களுக்கு மட்டும் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு, நான்கு ஓரமும் மடித்துத் தைத்த கைக்குட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். மீதி வேலை முழுவதும் அவற்றைக் கொண்டே நடந்தது.

எல்லாம் பொருத்திய பின் சாவி போடாமல் கையாலேயே எஞ்சினைச் சுழற்றி, குறிகள் நேர்ப்படுவதை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே ஸ்டார்ட் செய்தேன். தட்டல் இல்லை. என் காதை மட்டும் நம்பாமல் குமாரவேலை அழைத்து, எதையும் தொடக் கூடாது, சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். நெடுநேரம் குனிந்து கேட்டவர், “நம்ம பட்டறையில பண்ணுனாப்பல இருக்குதுங்க. உங்க கைதான் பூனை பிராண்டுனாப்பல இருக்குது” என்றார். நேற்று அம்மாவும் நானும் யாரையும் கேட்காமல் மூலனூர் போய், தோட்டத்தைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினோம்.

இருட்டிய பின் ஓட்டுவதில்லை, ஆண்டுதோறும் கண்ணைச் சோதிப்பது, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லும் அன்றே சாவியை வைத்துவிடுவது. இந்த நிபந்தனைகளை நானே எனக்கு விதித்துக்கொண்டேன், மீற மாட்டேன். வேறெவர் விதிப்பதையும் ஏற்க மாட்டேன். குமாரவேலிடம் நீயே பேசி, அவரை அந்த வாக்கிலிருந்து விடுவித்துவிடு. நல்ல மனிதர், பொய் அவருக்குச் செரிக்கவில்லை. நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பேத்திக்குத் தினமும் கொஞ்சம் தமிழ் வாசித்துக் காட்டு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டும்.

ஒன்றை நினைவில் வை. தை மாதம் வரும்போது பகலில் இறங்கும் விமானமாகப் பார்த்துச் சீட்டு எடு. கோவையில் டாக்சி எதுவும் பதிவு செய்யாதே. வெளியே நாங்கள் வண்டியோடு நிற்போம். முன் இருக்கை அம்மாவுடையது. நீ பின்னால்தான் உட்கார வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
சிவராஜ்