மேஸ்திரியிடம் எழுதி வாங்கிய ஒப்பந்தம்

கிருஷ்ணகிரி,
12-3-1956

அன்புள்ள ராஜாத்திக்கு,

இங்கு நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா என்று எழுது.

எங்கள் வக்கீலய்யா வீட்டில் புது அறை கட்ட, மேஸ்திரி திம்மராயனுக்கு ஒப்பந்தம் எழுதியது நான்தான். "எழுதியதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது" என்று ஐயா கறாராகச் சேர்க்கச் சொன்னார். நேற்றுப் போய்ப் பார்த்தால் நாலு பக்கமும் சுவர், வாசலே இல்லை!

"வாசல்னு நீங்க எழுதலியே சாமி," என்றார் மேஸ்திரி.

ஐயா ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தார். "கோர்ட்டுக்குப் போனா இவன்தான் ஜெயிப்பான்," என்று என்னை முறைத்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். நல்லவேளை, சிரித்துவிட்டார். வாசலுக்குத் தனியாக இன்னொரு ஒப்பந்தம் எழுதினேன்.

நம் அடுப்படியைப் பிரித்துக் கட்ட ஆள் பேசும்போது கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் எழுதி வாங்கு. வேலை முடியும் தேதியையும் போடச் சொல். அதைக் காட்டித்தான் நான் ஊருக்கு வர லீவு கேட்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரத் தேதியாகவே போடச் சொல்.

தபால்காரர் வந்துவிட்டார்.

மாதப்பன்