தேவி சொன்ன ததாஸ்து

24-9-1956, திங்கள்
கல்பாத்தி

இவரிடமிருந்து மறுபடி கடிதம். ஏலப்பாறை எஸ்டேட்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாம். ரசம் தானே வைத்துக்கொள்கிறாராம். நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். பாவம், அந்த ரசத்தை நினைத்தால் எனக்கே அழுகை வருகிறது. ஆனாலும் போகமாட்டேன். அங்கே ஆபீஸ்காரர்களின் மனைவிகள் சாயங்காலம் கூடி உட்கார்ந்து பேசுவார்களாம். உன் பெயர் என்ன என்பார்கள். திரிபுரசுந்தரி. மூவுலகிலும் அழகி! பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மைத் தழும்பில் கடுகைக் கொட்டினால் ஒன்றுகூடக் கீழே விழாது. கல்பாத்தியில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இங்கேயே இருக்கிறேன்.

8-10-1956

"நான் வந்தால் உங்களுக்குத்தான் அவமானம்" என்று பதில் போட்டுவிட்டேன். ஓர்ப்படி பாகீரதி மன்னி, "உன் மூஞ்சிய நீயே திட்டறதுக்கு ஸ்டாம்பு வேற ஒட்டணுமோடீ?" என்றாள்.

11-10-1956

நாளை எங்கள் ஆத்தில் நவராத்திரி சுவாசினி பூஜை. ஒரு சுமங்கலியை மணையில் உட்கார்த்தி, அவளையே தேவியாகப் பூஜிப்பது. மணையில் உட்கார வரவேண்டிய அடுத்தாத்து ஞானத்துக்குக் காய்ச்சல். மன்னி என்னைப் பார்த்தாள். நான் அடுக்களைக்குள் ஓடினேன்.

விட்டார்களா? "குறையில்லாத பொண்ணுன்னா ஒக்காரணும்?" என்று துரைசுவாமி சாஸ்திரிகளிடம் தப்பிக்கும் ஆசையோடு கேட்டேன்.

"அம்மை வடு ஒரு குறையாக்கும்? கார்த்தால எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்து ஒக்காரு" என்றார். துரோகி.

12-10-1956, வெள்ளி

மானம் போச்சு.

நாள் முழுக்க என்னை அதட்டுகிற மன்னி, இன்று மஞ்சள் தண்ணீரில் என் காலைக் கழுவினாள். பிறகு தரையில் விழுந்து நமஸ்கரித்தாள். வயசில் பெரியவள் விழும்போது நான் மணையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதா? பழக்கதோஷம் — நானும் இறங்கி அவளை நமஸ்கரிக்கக் குனிந்தேன். அவளும் அப்போதுதான் எழுந்தாள். டணார்! அவள் குங்குமம் என் மூக்கில்.

சாஸ்திரிகள் தலையில் அடித்துக்கொண்டார். "தேவியே எறங்கி வந்து சேவிச்சா பூஜை யாருக்கு? சங்கல்பத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிங்கோ!"

"ஐயோ, என் மூஞ்சிக்கு இதெல்லாம்—"

மன்னிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "வாய மூடுடீ. பூஜை உள்ள இருக்கறவளுக்காக்கும். அவ இந்த மூஞ்சியே போறும்னு வந்து குடியிருக்கா. அதப் பழிக்க நீ யாரு?"

மறுபடி உட்கார்ந்தேன். தேவியின் நாமங்களைச் சொல்லச் சொல்ல, நாமத்துக்கு ஒரு பூவாகக் காலில் விழுந்தது. நடுவில் என் பெயரும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அழுகைதான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

கடைசியில் வரம் கேட்பார்கள். தேவி "ததாஸ்து", அப்படியே ஆகட்டும், என்று சொல்ல வேண்டும். மன்னி கைகூப்பி, தெருவுக்கே கேட்கும்படி வேண்டிக்கொண்டாள்: "தாயே, இந்தாத்துல சுந்தரின்னு ஒரு மண்டு இருக்கா. தான் யாருன்னு அவளுக்குத் தெரியணும். பெட்டியக் கட்டிண்டு ஏலப்பாறைக்குப் போய் ஆத்துக்காரரோட குடித்தனம் பண்ணணும்!"

படுபாவி! எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். கேட்ட வரத்தைத் தேவி இல்லை என்பாளா?

"ததாஸ்து" என்றேன்.

1-11-1956

வேறு வேறு ராஜ்யத்தில் இருந்த எங்கள் பாலக்காடும் ஏலப்பாறையும் இன்றுமுதல் ஒரே கேரளமாம். எங்களைச் சேர்த்து வைக்க சர்க்காரும் பாடுபடுகிறது. பெட்டி கட்டியாயிற்று. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

20-1-1957, ஞாயிறு
ஏலப்பாறை

பொங்கலுக்கு எஸ்டேட் குடும்பங்களையெல்லாம் சேர்த்து எடுத்த போட்டோ வந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இருதயம்மாள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "முன்வரிசைல நடுவுல போயி ஒக்காந்துட்டு, கண்ண மூடிட்டியளே அக்கா!"

"தியானமாக்கும்" என்றார் இவர்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தழும்பு ஒன்றுவிடாமல் விழுந்திருக்கிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் கண் மூடியிருப்பது நன்றாக இல்லை. போட்டோக்காரர் அடுத்த மாதம் வருவாராம். இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நான் மட்டும், தனியாக.