ஒரே டம்ளர், மூன்று மெழுகுவர்த்தி

நவம்பர் 4
காலேஜை விட்டதிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. பேசாமலே போகட்டும். இந்த வீட்டில் என்னை அறிவாளி என்று நம்புகிற ஒரே ஆள் தங்கச்சி.

பள்ளிக்கூடத்து அறிவியல் போட்டிக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். தீ அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஏன் என்று கேட்டாள். ஆக்சிஜனைத் தீ தின்றுவிடும், காலியான இடத்துக்குத் தண்ணீர் வரும் என்றேன். பரீட்சையில் முழு மார்க் வாங்கிய பதில்.

நவம்பர் 7
அழுதுகொண்டே வந்தாள். ஆக்சிஜன் குறையக் குறைய ஏற வேண்டிய தண்ணீர், தீ அணைந்த பிறகு ஏன் சர்ரென்று ஏறுகிறது என்று டீச்சர் கேட்டாராம். இவள் நான் சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது? அக்கா. பின்னால் இருந்து ஒருத்தி, "காலேஜ விட்டு ஓடி வந்துச்சே, அந்த அக்காவா?" வகுப்பே சிரித்ததாம். வெள்ளிக்கிழமைக்குள் சரியான காரணம் சொல்லாவிட்டால் போட்டியில் இடமில்லை.

"இனிமே உங்கிட்ட எதுவும் கேக்கமாட்டேன், போ."

எவ அவ? அந்த டீச்சருக்கு என்ன திமிரு? போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கல...

நவம்பர் 8
வெறுங்கையோடு போனால் டீச்சர் மடக்கிவிடுவார். ஆதாரம் வேண்டும். டம்ளர் ஒன்று, அதற்குள் இருக்கும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். ஒரு மெழுகுவர்த்தி தின்றாலும் மூன்று தின்றாலும் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தானே ஏற வேண்டும்?

முதலில் ஒன்றை ஏற்றிக் கவிழ்த்தேன், பிறகு மூன்றை. தண்ணீர் முன்னைவிட எங்கேயோ மேலே போய் நின்றது. மறுபடி செய்தேன். அதே.

சனியன்.

நவம்பர் 9
தரையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். கவிழ்க்கும்போதே விளிம்பில் குமிழி குமிழியாக வெளியேறுகிறது. சூட்டில் காற்று விரிந்து தப்பிக்கிறது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. தீ கூடினால் சூடு கூடும், தண்ணீரும் அதிகம் ஏறும். ஆக்சிஜன் போனாலும் தீ பதிலுக்கு வேறு வாயுவைக் கக்குகிறதே, இடம் எங்கே அவ்வளவு காலியாகும்?

எனக்கு முழு மார்க் போட்டாங்களே, அவங்க ஒரு தடவையாவது மெழுகுவர்த்திய ஏத்திப் பாத்தாங்களா? நான் பாத்தேனா? இப்ப யாரப் போய்த் திட்டுறது?

தங்கச்சி அறைக்கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே சொன்னேன். "நான் சொன்னது தப்புடி. வந்து பாரு."

வந்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான்.

நவம்பர் 11
மூன்று மெழுகுவர்த்தியையும் கொண்டுபோய்ச் செய்து காட்டி, காரணமும் சொல்லியிருக்கிறாள். போட்டிக்கு எடுத்துவிட்டார்கள். டீச்சர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. கேட்டது சரி, வகுப்பு சிரித்தபோது சும்மா நின்றாரே.

வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "அக்கா, தட்டுல சுடுதண்ணி ஊத்தி வச்சா என்ன ஆகும்?" என்றாள்.

பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலடி. அடுப்புல தண்ணிய வை, பாப்போம்."