குண்டூசிக்கு ஒரு கையெழுத்து

அன்பு மகள் குண்டூசிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்கள் சுகம் முழுசாகும்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. நம் சுவர்க்காரர், அதுதான் கடை ஷட்டர்களில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்து இப்போது உலகமே கொண்டாடும் உன் ஓவியர், இங்கே கண்காட்சிக்கு வந்தார். நீ சொன்னபடி கையெழுத்து வாங்க, அவர் வரைந்த குடை பிடித்த நாய்ப் படத்தை அட்டைக் குழாயில் போட்டுக்கொண்டு, தையல் கடையைப் பூட்டிவிட்டு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியதை நான் கவனிக்கவே இல்லை, அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, யார் பேருக்கும்மா எழுதணும் என்று கேட்டார். வெறும் கையெழுத்து போதும், பேர் எழுதினால் விலை இறங்கிவிடும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். ஆனால் முப்பது வருஷமாகப் பேர் கேட்காமல் ஒரு துணியும் வாங்கி வைக்காத வாயாயிற்றே, குண்டூசி என்று சொல்லிவிட்டது. அவரும் குண்டூசிக்கு அன்புடன் என்று பெரிதாக எழுதி, நாயின் வாலில் ஒரு குண்டூசியும் வரைந்து கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை உன் அப்பாவிடம் காட்டினேன். அதை விற்றுத்தானே உன் அச்சுப்பட்டறைக்கு முன்பணம் கட்டப்போகிறாய். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைச்சிட்டியே என்று உன் அப்பா இரண்டு நாள் குத்திக்காட்டினார். மூன்றாம் நாள், யாரும் சீந்தமாட்டார்கள் என்று நீ கட்டிலுக்கடியில் விட்டுப்போன மற்ற இரண்டு படங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மதிப்புப் போடும் அம்மாளிடம் போனோம். பூதக்கண்ணாடி வைத்து மூலை மூலையாகப் பார்த்தாள், கையெழுத்தின் பென்சில் அழுத்தம் இருக்கிறதா என்று தாளின் பின்பக்கம் விரலால் தடவினாள், நான் துணியைத் திருப்பித் தையல் பார்ப்பது போலவே. நாய்ப் படத்துக்குப் பாதி விலைதான், குண்டூசி என்று பேருள்ள இன்னொருத்தி வாங்க வந்தால்தான் முழு விலை என்று கேலி வேறு. ஆனால் மற்ற இரண்டும் சுவர்க்காரருடைய ஆரம்ப காலத்துப் படங்களாம், இப்போது தேடி அலைகிறார்களாம், கையெழுத்தும் அசல், ஒரு மடிப்போ கறையோ கிடையாது. இரண்டையும் கொடுத்தால் உன் முன்பணத்துக்கு மேலேயே வரும் என்றாள். மெழுகுத்தாளில் சுற்றி வைத்தது யார் என்று உன் அப்பாவைக் கேட்டேன், நீதான் தாயே என்று கும்பிட்டார். வரும் வழியில் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், பாதி அவர் சட்டையில்.

இனி உண்மையைச் சொல்கிறேன். வாய் தவறவில்லை, தெரிந்துதான் சொன்னேன். முதல் சம்பளத்தில் நீ வாங்கிய படம் அது. விற்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது போனில் உன் குரல் உடைந்தது, அதற்குப் பிறகு எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கை ஓடவில்லை. நாய்ப் படத்தை வாங்கக் காத்திருப்பவரிடம், அம்மா கெடுத்துவிட்டாள் என்று சொல்லிவிடு. பழி என்னோடு போகட்டும், படம் உன்னோடு இருக்கட்டும்.

எடுத்த காரியம் துலங்கி, உன் பட்டறையில் மை காயாமல் இருக்கட்டும். முன்பணம் கட்டுமுன் ஒரு மழை நாளில் போய், கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிடு.

இப்படிக்கு,
திருந்தாத உன் அம்மா