பொட்டு வைத்த கத்தி

நவம்பர் 8, வெள்ளி

காலையிலிருந்து மழை. மொட்டைமாடித் தண்ணீர் இந்த வருஷமும் சமையலறைச் சுவர் வழியாகத்தான் இறங்குகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டால் "மழை விடட்டும்க்கா" என்கிறார். மழை விட்டபிறகு எனக்கு எதற்குக் கொத்தனார்?

வீட்டுக்காரர் காரைக்கால் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். கப்பலில் வந்த இரும்புத் தகடு துருப்பிடித்திருக்கிறதாம். யார் மேல் தப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சர்வேயர் வேலையே அதுதானே. அவர் இல்லாத நேரம் பார்த்துப் பார்சல் வந்தது. வேறென்ன, கத்திதான். வீட்டில் ஏற்கெனவே ஒரு அலமாரி நிறையக் கிடக்கிறது, ஒன்றிலாவது வெங்காயம் நறுக்க விடுவாரா?

அட்டைப்பெட்டி நனைந்து கொழகொழவென்று இருந்தது. அப்படியே வைத்தால் உள்ளேயும் ஈரம் போகுமே என்று பிரித்தேன். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. ஜெர்மனியில் செய்தது. கப்பல்காரர்கள் கயிறு அறுக்கிற மடக்குக்கத்தி, எருமைக்கொம்புப் பிடி. அறுபது வருஷத்துக்கு முந்தியதாம், ஆனால் ஒருநாளும் புழங்காததாம். ஒரு மாதமாக மனிதருக்கு இதே பேச்சு. மணப்பாட்டில் ஜெஸ்லின் என்று ஒரு பெண், கப்பலுக்குப் போகிறவர்கள் கொண்டுவரும் பழைய கத்திகளை ஆன்லைனில் விற்கிறாள். அவளிடம் வாங்கியது.

நான் விளாத்திகுளம் இரும்புக்கடைக்காரர் மகள். வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்த இரும்பைப் பொட்டு வைக்காமல் உள்ளே எடுக்க எனக்கு வராது. கத்தி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, சந்தனம் ஒட்டவே இல்லை. பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுக் கழுவித் துடைத்து, சந்தனத்தில் மூன்று பொட்டு, மேலே குங்குமம். சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

இவர் நாளைக் காலை வருகிறார். பொட்டைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள். எள்ளளவுதான். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிறது.

பழையபடி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். வந்ததும் சொல்லிவிடலாம். மறைக்கவா போகிறேன்?

நவம்பர் 12, செவ்வாய்

சொல்லவில்லை.

குளித்துவிட்டு வந்தவர் முதலில் எடுத்தது கத்தியைத்தான். நான் காப்பியோடு போவதற்குள் பூதக்கண்ணாடி, டார்ச், போட்டோ எல்லாம் ஆகிவிட்டது. "ஏளா, பாத்தியா? புழங்காததுன்னு சொல்லி ஏமாத்திட்டா!" வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துவிட்டார் — சில்வர் நைட்ரேட். துறைமுகத்தில் துரு மேல் ஒரு சொட்டு விடுவார். பாலாக வெளுத்தால் உப்புத் தண்ணீர் பட்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கேயும் விட்டார். வெளுத்தது.

"கடல் உப்பு. மீன் வெட்டிருக்காவ, இல்லன்னா படகுல கெடந்துருக்கு."

நம் வீட்டு போர் தண்ணீரும் உப்புதானே என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான். காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அதட்டினால்கூடப் பரவாயில்லை. சாம்பார் அடிப்பிடித்தால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு "காரணம்?" என்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன்.

நவம்பர் 13, புதன்

இன்றும் இல்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று போனபோது பக்கத்து வீட்டு கிருபாபாய் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

கத்தி சேர்க்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். கோயம்புத்தூர், பெங்களூர், மஸ்கட் என்று இருநூறு பேர். இவர் அங்கே ஜட்ஜ் மாதிரி. கப்பலுக்கு எழுதுவது போலவே கத்திக்கும் ரிப்போர்ட் எழுதிப் போட்டுவிட்டார். 'சேதம்: மூன்று துருக்குழிகள். காரணம்: உப்புநீர். சேதம் நிகழ்ந்தது: அனுப்புவதற்கு முன்.'

ஜெஸ்லின் குரல் அனுப்பியிருந்தாள். இவர் ஸ்பீக்கரில் போட்டார். "சார், என் தம்பி கொண்டாந்தத போட்டோ எடுக்கத்தான் பிரிச்சேன், திரும்ப அப்படியே சுத்தி வச்சிட்டேன். ஒரு புள்ளி கெடையாது சார். போட்டோவ பெருசாக்கிப் பாருங்க." போட்டோ ஒரு மாதத்துக்கு முந்தியது என்று இவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதற்குக் கீழே வரிசையாக ஆண்பிள்ளைகள். 'பொம்பளைங்ககிட்ட கத்தி வாங்கினா இப்படித்தான்.' 'அருவாமனைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாத கேஸ்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போங்கலே, நீங்களும் உங்க கத்தியும்! அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் கழுவினவள் நான்.

ஆனால் இதை இங்கேதான் எழுதுகிறேன். அங்கே போய்ச் சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

ஜெஸ்லின் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். வீட்ல விசாரிச்சிட்டேன். மன்னிக்கவும்' என்று எழுதியிருக்கிறாள். கத்தியைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. குரூப்பில் அவள் பெயரை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இனி யாரும் அவளிடம் வாங்க மாட்டார்கள்.

செய்யாத தப்புக்கு ஏன் மன்னிப்புக் கேட்கிறாள்? வீட்டில் யாரை விசாரித்தாள்?

ஜெயித்த மனிதர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கத்தியை அலமாரியில் மற்றதோடு வைக்காமல் மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டார்.

நவம்பர் 20, புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரிடம், ரசம் ஊற்றுவதற்கு முன்னால். கழுவினது, பொட்டு வைத்தது, துடைத்து மறைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில். "காரணம்?" என்று கேட்பார் என்று நின்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பதினாறாந்தேதியே தெரியும். கத்தி மடங்குத கீலுக்குள்ள குங்குமம் இருந்துச்சு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "பெறகு ஏன் சொல்லல? அந்தப் பிள்ள பணம் அனுப்புனாளே, அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்லா?"

"ரிப்போர்ட் போட்டாச்சு. இருநூறு பேரு பாத்தாச்சு." பிறகு, "அனுசியா, நீ சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

"நான் சொல்லிருந்தா மட்டும்?"

மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

என்ன மனுசங்க நாம! நான் இவருக்குப் பயந்துட்டு வாய மூடிட்டு இருந்தேன், இவரு ஊருக்குப் பயந்துட்டு. ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவது மாதிரி ஒரே பொய்யை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நடுவில் பிழிபட்டது மணப்பாட்டில் ஒரு பிள்ளை.

கப்பல் கம்பெனிக்காரன் வீடு தேடி வந்து கெஞ்சியும் ரிப்போர்ட்டில் ஒரு வரி மாற்றாத மனிதர் இவர். அந்தப் பெருமையில்தான் நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். இன்று என் தப்பைவிட அவர் தப்புதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. இது நியாயமா? தெரியவில்லை. வலிக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

பேச்சு வார்த்தை இல்லை. அவரே தயிர் ஊற்றிச் சாப்பிட்டார். உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

நவம்பர் 23, சனி

காலையில் போனை என்னிடம் நீட்டினார். குரூப்பில் போட்டிருந்தார்.

'எனது 15-ம் தேதி ரிப்போர்ட் ரத்து. விற்றவர் மேல் எந்தத் தவறும் இல்லை. சேதம் எங்கள் வீட்டில், பூசைக்காகக் கழுவிப் பொட்டு வைத்ததால் வந்தது. இது 16-ம் தேதியே எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். — மகாராஜன்.'

கடைசி இரண்டு வரியை நான் கேட்கவில்லை. விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சிரிக்கிற பொம்மைகளாக வந்து குவிந்தன. 'அண்ணாச்சி, அடுத்து கப்பலுக்கும் ஒரு பொட்டு வைங்க.' ஒருத்தன், இனி இவர் ரிப்போர்ட்டை எப்படி நம்புவது என்று கேட்டிருந்தான். இவர் ஒன்றையும் விடாமல் படித்துக்கொண்டிருந்தார். "சிரிச்சா சிரிக்கட்டும், விடுங்க" என்றேன். அதுதான் சண்டைக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை.

ஆனால் யாருக்காக எழுதினாரோ அவள் குரூப்பிலேயே இல்லை. வெளியேறிவிட்டாளாம். போன் போட்டால் எடுக்கவில்லை. இவர் நம்பரைப் பார்த்தால் எப்படி எடுப்பாள்?

நவம்பர் 24, ஞாயிறு

மணப்பாடு போய் வந்தோம். சிலுவைக் கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள்.

ஜெஸ்லினுக்கு முப்பது வயது இருக்கும். இவர் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு உள்ளே விட்டாள். இவர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். என் பங்கை நான் சொன்னேன். பணத்தையும் கத்தியையும் மேசைமேல் வைத்தோம். அவள் இரண்டையும் தொடவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அக்கா, உப்புன்னு சார் சொன்னாங்கல்லா. எங்க வீட்ல உப்புன்னா மீனுதான? கிளாட்வின்தான் வெட்டிருப்பான்னு நெனச்சிட்டேன். என் தம்பி. அவன்தான் இத எனக்குன்னு கொண்டாந்தான். நான் தொடவே இல்லன்னு மாதா மேல சத்தியம் பண்ணான்க்கா. நான் நம்பல. அவ்வளவு பெரிய சர்வேயர் பொய் சொல்லுவாரா, நீதாம்லே பொய் சொல்லுதன்னு கத்திட்டேன். மறுநாளு கப்பலுக்குக் கிளம்புனவன் எங்கிட்ட சொல்லிக்காமலே போயிட்டான்."

எனக்கு இவர் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

"தம்பி நம்பர குடும்மா" என்றார். நடுக்கடலில் போன் எடுக்காது என்றாள். அப்படியானால் உன் போனிலிருந்தே குரல் அனுப்புகிறேன் என்றார். யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

"தம்பி, நான் தூத்துக்குடி சர்வேயர் மகாராஜன். நீ பண்ண சத்தியம் நெசம். பொய் சொன்னது நான். அக்கா மேல கோவப்படாத. கோவப்படணும்னா எனக்குப் போன் போடு, என் நம்பர் சொல்லுதேன்." நம்பரை இரண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு மூன்றாம் தடவைதான் சரியாகச் சொன்னார். இவ்வளவு காலமும் ஒரே நம்பர்தான்.

ஒரு டிக் மட்டும் விழுந்தது. நாங்கள் கிளம்பும்வரை அப்படியேதான் இருந்தது. ஜெஸ்லின் பணத்தை எடுத்துக்கொண்டாள், கத்தியை எங்கள் பக்கம் தள்ளினாள். என் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நவம்பர் 27, புதன்

ஒன்றும் இல்லை. இவர் குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துக்கொண்டு போகிறார்.

டிசம்பர் 2, திங்கள்

சோறு வடித்துக்கொண்டிருந்தபோது ஜெஸ்லின் கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"அக்கா, கிளாட்வின் சிங்கப்பூர் வந்துட்டான். சார் பேசினத கேட்டுட்டான்."

"என்னளா சொன்னான்?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா. நான் மன்னிப்பு கேட்டு அனுப்புனதுக்கும் பதில் இல்ல. 'எட்டாந்தேதி கொச்சிக்கு வாரோம், மாசிக்கருவாட்டுச் சம்பல் ரெண்டு பாட்டில் செஞ்சி கொண்டு வா'ன்னு அனுப்பிருக்கான். யாருட்டயும் குடுத்து விடாத, நீயே வான்னு போட்டிருக்கான்க்கா."

"பெறகென்னளா, போனை வச்சிட்டு மாசிய இடி" என்றேன். 

இவர் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியாது. பையன் சம்பல் கேட்டிருக்கிறான், அக்காவையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறான் என்றேன். ரெண்டு பாட்டிலா என்று கேட்டார். ஆமாம், ரெண்டு பாட்டில் என்றேன். அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.