வீட்டுக்கென்று ஒரு பாத்தி

இன்று காலை கண்டி மார்க்கெட்டில் வாங்கிய போஞ்சிக்காயைக் கழுவத் தண்ணீரில் போட்டதும் பூச்சிமருந்து வாடை எழுந்தது. திரும்பிப் பார்த்தால் மகள் கையில் ஒன்று, பாதி வாயில். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். இதுவரை ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதுவதை நிறுத்தி நிறுத்தி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

நீ போய் இரண்டு வருடம். இந்தக் கடிதம் அதற்கும் முன்பே உனக்கு வந்திருக்க வேண்டும்.

ஒன்றாகக் கம்பஸ் படிப்பை முடித்ததும் நான் வேலை தேடினேன். நீ புசல்லாவைப் பக்கம் தோட்டம் தோட்டமாக நடந்து, மருந்தில்லாமல் மரக்கறி போடச் சொல்லித் திரிந்தாய். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு உன்னைக் கூட்டிப்போனதே நான்தான். விற்க லொறியில் போகும் மரக்கறிப் பாத்திகளுக்கு அப்பா மருந்து அடிப்பார், பின்னால் எங்களுக்கென்று இருக்கும் சின்னப் பாத்தியில் ஒரு சொட்டும் படாது என்று பஸ்ஸில் உனக்குச் சொன்னதும் நான்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கோயில் மண்டபக் கூட்டத்தில் நீ கேட்டாய்: "வீட்டுக்குன்னு மருந்தடிக்காத பாத்தி வச்சிருக்கவங்க கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. அப்பாதான் முதலில் சிரித்தார். "பூச்சி தின்னத லொறிக்காரன் தூக்கி வீசுவான். நீ வாங்குவியா தாயி?"

"வாங்குறேன்."

"ஆமா, கம்பஸ் படிச்சவங்க பூச்சியையும் சேத்துத் தின்பாங்க!"

மண்டபமே சிரித்தது. "வெளிய போ" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அப்போதும் நீ அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், "நீ கை தூக்குவேன்னு நெனச்சேன்டி" என்றாய். அவ்வளவுதான்.

அப்புறமும் ஞாயிறுதோறும் போனாய். ஒரே ஒரு குடும்பம் இணங்கியது. அவர்களுடைய பூச்சி தின்று ஓட்டை விழுந்த கோவா முட்டைக்கோசை உரப்பையில் சுமந்து வந்து கண்டியில் வீடு வீடாக விற்றாய், டெங்குவில் விழுந்த வாரம் வரைக்கும். உன் சாவு வீட்டிலும் நான் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் அப்பாவுக்குப் போன் எடுத்து, பேத்தி போஞ்சி தின்றதைச் சொன்னேன். பதறிப்போனார். "கடை மரக்கறிய ஏன் அவகிட்ட விட்ட? பின்பாத்தியில பறிச்சு அனுப்புறேனே!"

"மத்தப் பிள்ளைங்களுக்கு யாருப்பா அனுப்புவா?"

அவர் போனை வைப்பதற்குள் சொன்னேன்:

"அன்னைக்குக் கோயில் மண்டபத்துல அவ கேட்டப்போ நான் கை தூக்கியிருக்கணும்ப்பா."

அப்பா கேட்டார்: "அந்தப் பிள்ள உசுரோட இருந்தப்ப ஏன் சொல்லல?"

லொறிக்குப் போகும் மேல்பாத்தி ஒன்றை மட்டும் இந்த முறை மருந்தில்லாமல் விட்டுப் பார்க்கிறாராம். விற்பது என் பாடாம். ஞாயிறு மகளையும் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பஸ் ஏறுகிறேன். அதில் விளையும் கோவாவை எப்படியாவது விற்றுவிடுவேன். அப்பா கேட்டதற்குத்தான், உன்னிடம் சொல்லக்கூட, ஒரு பதில் இல்லை.